பேஸ்பால்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வந்த பேஸ்பால் கேள்விகளில் எட்டுக்கு இந்த இதழில் எங்கள் விளையாட்டுக் குழு பதில் தருகிறது. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: இந்த வருடம் பேஸ்பால் அணி தொடங்கச் சொல்லிவிட்டார் எங்கள் முதல்வர். க்ளவைத் தொட்டுப் பார்த்த பையன்கூட இங்கே கிடையாது. கிரிக்கெட் டீமை அப்படியே இதில் இறக்கிவிடலாமா?
– கல்லூரி உடற்கல்வி இயக்குநர், அரூர்

பதில்: அப்படியே இறக்காதீர்கள். கிரிக்கெட்டிலிருந்து பாதிப் பேர் போதும். பவுண்டரியிலிருந்து கீப்பர் கைக்கு நேராக எறிகிறவன், ஸ்லிப்பில் நிற்கிறவன், விக்கெட் கீப்பர் ஆகியோரை முதலில் எடுங்கள். வேகப்பந்து வீச்சாளனைத்தான் பிட்ச்சர் (பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிபவன்) ஆக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கையை நீட்டிச் சுழற்றியே பழகிய தோளுக்கு, முழங்கையை மடக்கி எறிவது முற்றிலும் புதிய வேலை. அவனைவிட ஈட்டி எறிகிற மாணவன் சீக்கிரம் பிட்ச்சர் ஆவான். உத்தரப் பிரதேசத்து ஈட்டி வீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஒரு திறன் தேடல் போட்டியில் தேறி, சில மாதப் பயிற்சியிலேயே 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தம் பெற்றார்கள். மேஜர் லீக் வரை போகவில்லை என்றாலும், அந்தத் தோள் எவ்வளவு விரைவில் பிட்ச்சிங்குக்குப் பழகும் என்பதற்கு அது சாட்சி.

மீதி ஆட்களை ஹேண்ட்பால், கோ-கோ, கபடியில் தேடுங்கள். கோ-கோ ஆடுகிறவனுக்கு பேஸ் ஓட்டம் (ரன் எடுக்கக் களத்தின் நான்கு மூலைகளையும் தொட்டு ஓடுவது) சுலபமாக வரும். கபடிக்காரன் தரையில் விழப் பயப்பட மாட்டான், சறுக்கிக்கொண்டு பேஸைத் தொடும் ஸ்லைடிங் அவனுக்குச் சீக்கிரம் படியும். இருபது பேர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தாறு பேர் பிட்ச்சர்களாகவும் மூன்று பேர் கேட்ச்சர்களாகவும் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்கள்) தயாராக வேண்டும். பல கல்லூரிகள் ஒரே ஒரு கேட்ச்சரோடு போட்டிக்குப் போய், அவன் விரல் வீங்கியதும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வருகின்றன.

முதல் இரண்டு வாரம் பேட்டை வெளியே எடுக்கவே வேண்டாம். வலது கையால் எறிகிறவனுக்கு க்ளவ் இடது கையில். ஆனால் அவன் ஒற்றைக் கையால் பிடிப்பதெல்லாம் வலது கையால்தான் இருந்திருக்கும். டென்னிஸ் பந்தை வெறும் இடது கையால் பிடிக்க விடுங்கள். பிறகு க்ளவ், பிறகு தோல் பந்து. பந்தின் தையல் குதிரை லாடம் போல் வளையும் இடத்தில் இரண்டு விரல்களைக் குறுக்காக வைத்து எறிவதுதான் முதல் பாடம். 15 மீட்டரில் தொடங்கி, நெஞ்சு உயரத்துக்குப் பத்துக்கு எட்டு வந்த பிறகே 20, 27, 35 என்று பின்னால் போக வேண்டும்.

கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்களிடம் சில பழக்கங்கள் ஒட்டியிருக்கும். பந்து தரையில் உருண்டால் ஓடலாமா வேண்டாமா என்று நிற்பார்கள். இங்கே கோட்டுக்குள் போன எந்த அடிக்கும் ஓடியே ஆக வேண்டும். பேட்டைக் கையிலேயே கொண்டு ஓடுவார்கள், இல்லையென்றால் வீசி எறிந்து கேட்ச்சரின் முழங்காலைப் பதம் பார்ப்பார்கள். அதைக் கீழே விட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொடுங்கள். முதல் பேஸைத் தாண்டி நேராக ஓடிப்போய்த் திரும்பலாம், இரண்டாவது மூன்றாவது பேஸில் தாண்டினால் டேக் செய்து (பந்தால் தொட்டு) அவுட் ஆக்கிவிடுவார்கள். இதில் முதல் சீசன் முழுக்க உயிரை வாங்குவது உயரப் போன பந்துதான். பந்து பிடிபட்டால் ஓட்டக்காரன் தன் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும். நம் பையன்கள் பந்தைப் பார்க்காமல் ஓடிவிட்டு, ஒரே கேட்சில் இரண்டு அவுட் கொடுத்துவிடுவார்கள். இதற்குத் தினமும் பத்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள்.

இருபது பேருக்கு வாங்க வேண்டியது: க்ளவ் 14 (அதில் 2 இடது கையால் எறிகிறவர்களுக்கு), முதல் பேஸ் மிட் (தனி வகை க்ளவ்) 1, கேட்ச்சர் மிட் 2, முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம், கார்டு அடங்கிய கேட்ச்சர் செட் 2, இரு காதையும் மூடும் ஹெல்மெட் 6, பேட் 6, பந்து 4 டஜன். பணம் போதாவிட்டால் பேட்டைக் குறையுங்கள். ஹெல்மெட்டிலும் கேட்ச்சர் செட்டிலும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது கிரிக்கெட் மைதானம் மட்டுமே. செம்மண் தரை. இதில் பேஸ்பால் களமும் பிட்ச்சர் மேடும் உள்ளூர்ப் பொருளிலேயே அமைக்க முடியுமா?
– கல்லூரிப் பயிற்சியாளர், கிருஷ்ணகிரி

பதில்: முடியும். செலவை மேட்டில் போடுங்கள், மற்றதெல்லாம் டேப்பும் சுண்ணாம்புத் தூளும்தான்.

ஹோம் பிளேட்டை (பேட்ஸ்மேன் நின்று அடிக்கும் இடத்துப் பலகை) மைதானத்தின் மேற்கு மூலையில் வையுங்கள். அங்கிருந்து இரண்டாவது பேஸைப் பார்க்கும் கோடு கிழக்கு-வடகிழக்காகப் போனால், சாயங்கால வெயில் பேட்ஸ்மேனையும் கேட்ச்சரையும் தொந்தரவு செய்யாது. ரைட் ஃபீல்டர் கண்ணில்தான் அடிக்கும், அவனுக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுங்கள். பிளேட்டுக்குப் பின்னால் 18 மீட்டர் இடம் விட்டு, கிரிக்கெட் நெட்டையே தடுப்பாகக் கட்டலாம்.

அளப்பதற்கு இரண்டு டேப் வேண்டும். பிளேட்டின் பின் முனையிலிருந்து 38.79 மீட்டரில் ஒரு ஆணி அடியுங்கள், அது இரண்டாவது பேஸின் மையம். இப்போது ஒரு டேப்பைப் பிளேட் முனையிலும் மற்றதை அந்த ஆணியிலும் பிடித்து, இரண்டையும் 27.43 மீட்டருக்கு இழுங்கள். வலப்பக்கம் இரண்டும் சந்திக்கும் இடம் முதல் பேஸின் மூலை, இடப்பக்கம் மூன்றாவது. முதல், மூன்றாவது பேஸ் பைகள் அந்தச் சதுரத்துக்கு உள்ளே அடங்க வேண்டும். இரண்டாவது மட்டும் ஆணியின் மேல் நடுவாக உட்காரும். பைகளை 38 செ.மீ. சதுரத்தில் கேன்வாஸில் தைத்துத் தேங்காய் நார் அடைத்தால் பயிற்சிக்குப் போதும்.

மேடு 5.49 மீட்டர் விட்டமுள்ள வட்டம். அதன் மையம் பிளேட் முனையிலிருந்து 17.98 மீட்டர். பிட்ச்சர் மிதிக்கும் ரப்பர் பலகையின் முன் விளிம்பு 18.44 மீட்டரில், ஹோம் பிளேட் மட்டத்தைவிட 25.4 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பருக்கு 15 செ.மீ. முன்னால் சரிவு தொடங்கி, ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் 2.5 செ.மீ. இறங்கும். இந்தச் சரிவு பிசகினால் பிட்ச்சரின் முன்கால் ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் இறங்கும், பந்தும் தாறுமாறாகப் போகும். நூல் கட்டி மட்டப்பலகை வைத்துப் பாருங்கள்.

மண் சுமார் ஒன்றரை யூனிட் பிடிக்கும். உடலுக்குச் செம்மண் போதும். 10 செ.மீ. கனமாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டி மேலே மட்டும் இடித்தால், முதல் மழைக்கே உட்கார்ந்துவிடும்.

ஆனால் ரப்பருக்கு முன்னாலும் முன்கால் இறங்கும் இடத்திலும் செம்மண் நிற்காது, இருபது பந்துக்குள் குழி விழுந்துவிடும். குழியில் கால் வழுக்கினால் முழங்கால் திரும்பும். அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் இந்த இடங்களில் சுடாத களிமண் கட்டிகளைப் பதிக்கிறார்கள். நமக்கு அது செங்கல் சூளையிலேயே கிடைக்கிறது: அடுப்பில் ஏறாத பச்சைக்கல். நன்றாக உலர்ந்த கல்லாகக் கேட்டு வாங்குங்கள். மணல் அதிகம் சேர்த்து அறுத்த கல் உதவாது. ஒரு கல்லை உடைத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள், விரலில் ஒட்டி இழுபட வேண்டும். இரண்டு இடத்துக்கும் சேர்த்து, உடைசலோடு 80 கல் ஆகும். 10 செ.மீ. ஆழம் தோண்டி, அடியை ஈரமாக்கி, கல்லை இடைவெளியில்லாமல் படுக்க வைத்து, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு சாக்கை விரித்து அதன்மேல் இடியுங்கள். சாக்கு இல்லாமல் இடித்தால் களிமண் திமிசுக்கட்டையோடு பிய்த்துக்கொண்டு வரும். அதன்மேல் அரை அங்குலம் சலித்த செம்மண். பேட்ஸ்மேன் நிற்கும் இரண்டு கட்டங்களுக்கும் இதே முறையில் இன்னும் 170 கல்.

பராமரிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் குழியில் உள்ள உதிரி மண்ணைத் துடைப்பத்தால் முழுதும் வெளியே தள்ளி, குழியை நனைத்து, ஈரக் களிமண் போட்டு இடித்து, தார்ப்பாய் மூட வேண்டும். உதிரி மண்ணை அப்படியே காலால் தள்ளி மூடினால் மறுநாள் அதே குழி. மார்ச்சிலிருந்து மே வரை தார்ப்பாய்க்கு அடியில் ஈரச் சாக்கும் வேண்டும், வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். ரப்பர் பலகை 61-க்கு 15 செ.மீ. பயிற்சிக்கு மட்டும் என்றால், கிரஷரில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டிக் கனமான கட்டையில் அறைந்து புதைக்கலாம்.

கேள்வி: நான் பிட்ச்சர். இரண்டு நாளில் மூன்று மேட்ச், மூன்றிலும் நான்தான் போட்டேன். இப்போது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது. ஐஸ் வைத்துக்கொண்டு போடலாம் என்கிறார்கள். சரியா?
– இரண்டாம் ஆண்டு மாணவர், பாலக்கோடு

பதில்: போடாதீர்கள். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். உள்பக்க வலி என்பது சாதாரணத் தசை வலியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எறியும்போது முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளாமல் இழுத்துப் பிடிக்கும் தசைநார் அங்கேதான் இருக்கிறது. ஓய்வில்லாமல் எறிந்தால் அது நார் நாராகப் பிரியும், ஒருநாள் அறுந்தும் போகும். அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்ச்சருக்குச் செய்தார், இன்றும் அது டாமி ஜான் பெயரில்தான் வழங்குகிறது. செய்துகொண்டவர் மீண்டும் போட்டியில் பந்து போட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மூன்று வருடப் பட்டப்படிப்பில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள். ஐஸும் வலி மாத்திரையும் வலியை மறைக்கும், நாரை ஒட்ட வைக்காது.

உங்கள் பயிற்சியாளருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். 19 முதல் 22 வயதுக்கு அமெரிக்காவில் பின்பற்றச் சொல்லும் அளவு, ஒரு நாளில் அதிகபட்சம் 120 பந்து. 30 வரை போட்டால் மறுநாளும் போடலாம். 31–45 என்றால் ஒரு நாள் ஓய்வு, 46–60 என்றால் இரண்டு நாள், 61–80 என்றால் மூன்று, 81–105 என்றால் நான்கு, அதற்கு மேல் ஐந்து. நம் பையன்கள் சிறுவயது முதல் பிட்ச்சிங் செய்து வந்தவர்கள் அல்ல. அதனால் முதல் வருடத்தில் 75-ஐத் தாண்ட விடக்கூடாது என்பது எங்கள் கருத்து. ஆட்டத்தில் பந்து போட்டவனை அதே நாளில் கேட்ச்சராக உட்கார வைப்பதும் தப்பு, கேட்ச்சரும் ஆட்டம் முழுக்க எறிந்துகொண்டேதான் இருக்கிறான்.

எண்ணுவதற்கென்று பெஞ்சில் ஒரு மாணவனை நோட்டோடு உட்கார வையுங்கள். பயிற்சியாளர் மனக்கணக்கில் 60 என்று நினைக்கும்போது நோட்டில் 85 இருக்கும். தொடர் ஆட்டப் போட்டிக்கு ஐந்தாறு பிட்ச்சர் வேண்டும் என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான். முதல் ஆட்டத்தில் பத்து ரன் முன்னிலை வந்துவிட்டால், நல்ல பிட்ச்சரை 30 பந்துக்குள் வெளியே எடுங்கள், மறுநாளும் அவன் கிடைப்பான்.

கேள்வி: எங்களுக்கு எதிராக முதல் பேஸில் நிற்கிற எவனும், அடி விழாமலேயே ஓடி இரண்டாவது பேஸைத் திருடிவிடுகிறான். கேட்ச்சரின் கையில் பலம் போதவில்லையா?
– அணித் தலைவர், காவேரிப்பட்டணம்

பதில்: கேட்ச்சரைத் திட்டுவதற்கு முன் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். முதல் பேஸிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும் நல்ல ஓட்டக்காரன் சுமார் 3.5 விநாடியில் இரண்டாவதை அடைவான். பிட்ச்சரின் முதல் அசைவிலிருந்து பந்து மிட்டில் விழும்வரை ஒரு நேரம், மிட்டில் விழுந்ததிலிருந்து இரண்டாவது பேஸில் பிடிபடும்வரை இன்னொரு நேரம். தொழில்முறை ஆட்டத்தில் முதலாவது 1.3, இரண்டாவது 2.0. புதிய கல்லூரி அணியில் பெரும்பாலும் 1.7-உம் 2.4-உம் இருக்கும், கூட்டினால் 4.1. துப்பாக்கி போல் எறிந்தாலும் பிடிக்க முடியாது.

முதலில் பிட்ச்சரிடம் குறையுங்கள். ஆள் பேஸில் இருக்கும்போது காலை இடுப்பு வரை தூக்கக் கூடாது, தரையை ஒட்டி முன்னால் வைத்தால் 1.4-க்கு வந்துவிடும். கைகளைச் சேர்த்து முழுமையாக நின்ற பிறகு, ஒருமுறை ஒரு விநாடியிலும் அடுத்த முறை மூன்று விநாடியிலும் போடச் சொல்லுங்கள். ஒரே தாளத்தில் போடுகிறவனைத்தான் திருடுவார்கள். நிற்காமல் போட்டாலும், ரப்பரை மிதித்தபடி முதல் பேஸுக்கு எறிவதுபோல் பாவனை செய்து எறியாமல் விட்டாலும் பாக் என்ற விதிமீறல், எல்லா ஓட்டக்காரர்களுக்கும் ஒரு பேஸ் இலவசம்.

கேட்ச்சரிடம் நேரம் போவது கையில் அல்ல, எழுந்து நிற்பதில். விக்கெட் கீப்பராக இருந்தவன் பந்தை வாங்கி, நிமிர்ந்து, ஒரு எட்டு வைத்து எறிவான். பந்து வரும்போதே வலது கால் முன்னால் திரும்ப வேண்டும், மிட்டும் பந்தும் காதருகே பிரிய வேண்டும், உட்கார்ந்த உயரத்திலிருந்து பாதி எழுந்தால் போதும். தூரம் 38.79 மீட்டர். ஒரு குத்துக் குத்திப் போனாலும் பேஸுக்கு நேராக முழங்கால் உயரத்தில் போகட்டும். உயரே நேராகப் போய் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவன்) தலைக்கு மேல் பறக்கும் பந்தைவிட அது நல்லது.

கேள்வி: இரண்டு வருடம் முன் பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடினோம். இறுதியாண்டுப் பையன்கள் போனதும் அணியே கலைந்துவிட்டது. எப்படி நிலைநிறுத்துவது?
– உடற்கல்வி ஆசிரியர், தருமபுரி

பதில்: மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழு அணியும் வெளியேறும் என்பதை வைத்தே திட்டம் போட வேண்டும். ஒரு தாளில் மேலே முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு என்றும், பக்கவாட்டில் ஒன்பது இடங்களையும் எழுதுங்கள். கேட்ச்சர், ஷார்ட்ஸ்டாப், பிட்ச்சர் வரிசைகளில் மூன்றாமாண்டுக் கட்டத்தில் மட்டும் பெயர் இருந்தால் அடுத்த ஜூனில் அணி இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆறேழு முதலாண்டு மாணவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். வெற்றி உறுதியான ஆட்டத்தில் கடைசி மூன்று இன்னிங்ஸ் இரண்டாம் கேட்ச்சருக்கு. இதைச் செய்யப் பயிற்சியாளருக்கு மனம் வராது, ஆனாலும் செய்ய வேண்டும்.

சேர்க்கை முடிந்து ஜூலையில் ஆள் தேடுவது தாமதம். பொதுத் தேர்வு முடிந்த கையோடு மே மாதம் காலை வேளைகளில் பத்து நாள் முகாம் நடத்தி, சுற்றியுள்ள மேல்நிலைப் பள்ளிப் பையன்களைக் கூப்பிடுங்கள். கல்லூரியில் கழித்த க்ளவ், பழைய பந்துகளைப் பரணில் போடாமல் ஸ்டாக் பதிவேட்டில் முறைப்படி கழித்து, அந்தப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களிடம் கொடுங்கள்.

ஸ்கோர் புத்தகத்திலிருந்து மூன்று எண்களை மட்டும் தகவல் பலகையில் எழுதுங்கள்: ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் போட்ட முதல் பந்தில் எத்தனை ஸ்ட்ரைக், அதாவது பேட்ஸ்மேனுக்கு எதிராக எண்ணப்படும் பந்து (பத்துக்கு ஆறு வேண்டும்), இலவசமாகக் கொடுத்த பேஸ்கள் (ஆட்டத்துக்கு நான்குக்குள்), ஃபீல்டிங் பிழைகள் (மூன்றுக்குள்). புதிய கல்லூரி அணிகள் அடி வாங்கித் தோற்பதைவிட நடக்க விட்டு (இலவச பேஸ் கொடுத்து)த் தோற்பதே அதிகம். ஹோம் ரன் கணக்கை எழுதவே வேண்டாம், எழுதினால் எல்லாரும் பந்தைத் தூக்கியடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் நவம்பர் செமஸ்டர் தேர்வும் சேர்ந்து வரும். அந்த வாரங்களில் உள்ளரங்கில் கிரவுண்ட் பால் (தரையில் உருளும் பந்து) பிடிப்பது, உடற்பயிற்சி, விதிமுறை வகுப்பு என்று ஓட்டுங்கள். பிட்ச்சர்கள் மட்டும் வாரம் மூன்று நாளாவது எறிவதை நிறுத்தக் கூடாது. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு ஜனவரியில் முழு வேகத்தில் எறிகிற தோள்தான் முதலில் போகும்.

கேள்வி: பி.பி.எட். படிக்கிறேன். பேஸ்பால் பயிற்சியாளராகவே வாழ்க்கை நடத்த முடியுமா?
– மாணவர், ஊத்தங்கரை

பதில்: நம் கல்லூரிகளில் பேஸ்பாலுக்கென்று தனியாக ஆள் எடுப்பதை எதிர்பார்க்காதீர்கள். உடற்கல்வி இயக்குநர் பணிக்கு வந்து, கபடி, வாலிபால், தடகளத்தோடு இதையும் வளர்ப்பதுதான் நடைமுறை வழி. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி எம்.பி.எட். 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட், இல்லையென்றால் பிஎச்.டி. உடல்தகுதித் தேர்வும் உண்டு: 30 வயது வரை ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர். படிக்கும்போதே நடுவர் தேர்வு எழுதுங்கள், ஸ்கோர் எழுதப் பழகுங்கள். மாவட்டப் போட்டிகளில் இந்த இரண்டுக்கும் எப்போதும் ஆள் பற்றாக்குறை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தலைமைப் பயிற்சியாளர், பிட்ச்சிங் பயிற்சியாளர், ஆள் சேர்ப்புக்கு ஒருவர் என்று தனித்தனிப் பதவி. ஆனாலும் நேராக மேலே போனவர்கள் குறைவு. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து தேசிய சாம்பியன் பட்டங்கள் வாங்கித் தந்த ஸ்கிப் பெர்ட்மேன் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, பிறகு மயாமி பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்து, 1984-இல்தான் லூசியானா ஸ்டேட்டில் தலைமைக்கு வந்தார். ஃபுளோரிடா ஸ்டேட்டின் மைக் மார்ட்டின் 1980 முதல் 2019 வரை 40 சீசன்களில் 2,029 வெற்றி பெற்றவர். 17 முறை ஒமாஹா நகரில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு அணியைக் கொண்டுபோயும் ஒருமுறைகூடப் பட்டம் வெல்லவில்லை. அவர் வேலையை யாரும் பறிக்கவுமில்லை.

கேள்வி: பெண்களுக்கு சாஃப்ட்பாலா, பேஸ்பாலா?
– கல்லூரி விரிவுரையாளர், பென்னாகரம்

பதில்: உங்கள் பல்கலைக்கழகம் அந்த வருடம் பெண்களுக்கு எதை நடத்துகிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். இரண்டும் இருந்தால் எங்கள் ஓட்டு பேஸ்பாலுக்கு. சாஃப்ட்பாலில் களம் சிறியது (பேஸ் தூரம் 18.29 மீட்டர், பிட்ச்சிங் தூரம் 13.11 மீட்டர்), ஆனால் கையைக் கீழ்வழியாகச் சுழற்றிப் போடும் பிட்ச்சிங் கைவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஈட்டியும் ஹேண்ட்பாலும் பழகிய பெண்கள் மேல்கைப் பிட்ச்சிங்கை ஒரே சீசனில் ஓரளவு பிடித்துவிடுவார்கள். ஃபீல்டிங், பேஸ் ஓட்டம் இரண்டுக்கும் பெரும்பாலும் பொது.

கேள்வி: மர பேட் நல்லதா, அலுமினியமா?
– மாணவர், ஓசூர்

பதில்: பயிற்சிக்கு அலுமினியம், உடையாது. போட்டிக்கு எது அனுமதி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர்கள் மர பேட்டை உடைப்பது பெரும்பாலும் கைப்பிடிக்கு அருகில் பந்தை வாங்குவதால்தான். லேபிள் வானத்தையோ தரையையோ பார்த்தபடி பிடித்தால் பந்து மரத்தின் பலமான பக்கத்தில் படும். அலுமினியத்தில் ஒடுக்கு விழுந்தாலோ, தட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வந்தாலோ ஓரம் வைத்துவிடுங்கள். கைப்பிடி நாடா பிய்ந்த பேட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். வியர்வையில் வழுக்கிப் பறந்தால் அது முதலில் போய் விழும் இடம் நம் பெஞ்சுதான்.